சுவருக்கு ஒரு முழம் முன்னால்

அந்த வருஷம் தவளைக்கு வயசாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தவளையும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டாள். முப்பத்தொன்று ஒன்றும் கிழவியாகிற வயசில்லைதான். ஆனால் நீச்சல்குளத்துக்குள் வருஷம் வேறு மாதிரி ஓடும். பக்கத்து லேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. கண்தான் இல்லை, காதில் ஒரு கோளாறும் இல்லை.

தவளை என்பது அண்ணன் வைத்த பேர். பிறக்கும்போதே அவளுக்குப் பார்வை மங்கல். எண்ணெய் தீர்ந்த விளக்குபோலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, பத்து வயசில் முழுசாக அணைந்துபோனது. அப்பாவும் அம்மாவும் கல்குவாரியில் கல் உடைத்தார்கள். வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும். மற்ற பிள்ளைகள் குதித்தார்கள் என்று இவளும் ஒருநாள் குதித்துவிட்டாள். பார்த்தவர்கள் பதறினார்கள். அண்ணன் பதறவில்லை. நசுங்கிய தகர டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து கல்லால் தட்ட ஆரம்பித்தான். சத்தம் வருகிற பக்கம் வா என்றான். வந்தாள். மறுநாளும் குதித்தாள், அவனும் தட்டினான். அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைத்து வைதாள்.

அந்தப் பள்ளத்திலிருந்து பார்வையற்றோர் பள்ளி, அங்கிருந்து ஊர்க் குளம், அங்கே பயிற்சி கொடுக்கிற கோச்சம்மா. பிறகு வந்ததெல்லாம் தண்ணீரோடு தண்ணீராகப் போன வருஷங்கள். தேசியப் போட்டியில் பதக்கங்கள், வெளிநாட்டில் இரண்டு வெண்கலம், ஒருமுறை பாராலிம்பிக்கில் இறுதிச் சுற்று. ஐந்தாவதாக வந்தாள். ஐந்தாவதுக்கு யாரும் மாலை போடவில்லை. அண்ணன் சுமை தூக்குகிற குடோனில், அஞ்சாவதா என்று ஒருத்தன் உதட்டைப் பிதுக்கினானாம். உலகத்தில் அஞ்சாவதடா, உன் தெருவில் அஞ்சாவதில்லை என்று அண்ணன் அவன் தலையில் சிமெண்ட் மூட்டையை ஏற்றிவிட்டானாம்.

பார்வையில்லாதவர்கள் நீந்தும்போது குளத்தின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கம்போடு இரண்டு பேர் நிற்பார்கள். சுவர் நெருங்கும் நேரத்தில் கம்பின் நுனியால் நீந்துகிறவரின் தலையிலோ முதுகிலோ தொடுவார்கள். சுவர் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். வாயைத் திறந்து எதுவும் சொல்லக்கூடாது. போய்த் திரும்புகிற முனையில் கோச்சம்மா நிற்பாள். நூறு மீட்டர் முடிந்து வந்து சேருகிற முனையில் அண்ணன். அவன் கம்பு பெயிண்டர்கள் உருளை மாட்டுகிற அலுமினியக் கம்பு. நுனியில் ஸ்பாஞ்சுப் பந்து, அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தான். தகர டப்பாவுக்குப் பிறகு அவன் கைக்கு வந்த இரண்டாவது ஆயுதம் அது.

முன்னெல்லாம் கம்பு தொட்டதும் தவளை ஒரே ஒரு கை வீசுவாள். நீட்டிய விரல் போய்ச் சுவரில் நிற்கும். இப்போது அப்படியில்லை. ஒரு கை வீசினால் சுவர் எட்டுவதில்லை. அரைகுறையாக இன்னொரு கை போட்டு, உடம்பை நீட்டி, சுவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. கை வீச்சு சுருங்கிவிட்டது, அதுதான் வயசு என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். கோச்சம்மா அந்த முனையிலிருந்து பார்த்துவிட்டு, கடைசி ஐந்து மீட்டரில் படுத்துவிடுகிறாய் என்று தினமும் சொன்னாள். போன தேர்வுப் போட்டியில் வாய்ப்பு நழுவியதும் அந்த ஐந்து மீட்டரில்தான். கண் சிமிட்டுகிற நேரத்தில் போச்சு என்று கோச்சம்மா தலையில் கை வைத்தபோது, அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாதே என்றாள் தவளை. கோச்சம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் ஒரு தேர்வுப் போட்டிதான் பாக்கி. அதில் குறித்த நேரத்துக்குள் வந்தால் இரண்டாவது முறை பாராலிம்பிக். வராவிட்டால் அந்த லேனை ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் அரை நாள் பார்க்கிற டெலிபோன் வேலையை முழு நாளாக்கிக்கொள்ள வேண்டியதுதான். இதைக் கோச்சம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள். தவளையும் அழவில்லை. அதற்குப் பதில் மணல் மூட்டை ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கினாள். காலில் பலம் வந்தால் கை விட்டதைக் கால் பிடிக்கும் என்று கணக்கு. மூட்டையை அளவாகக் கட்டித் தைத்துக் கொடுத்ததே அண்ணன்தான். கீழ்ப்படியில் உட்கார்ந்து அவள் மூச்சிரைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

நடுவில் ஒரு விஷயம் நடந்திருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முந்தின வருஷம் ஒரு போட்டிக்கு அண்ணன் குடோனிலிருந்து நேராக வந்தான். பகல் முழுக்க மூட்டை ஏற்றிய தோள். கம்பை நீட்டவேண்டிய நேரத்தில் தோள்பட்டை பூட்டிக்கொண்டது. ஒரு நொடிகூட இருக்காது. தவளை முழு வேகத்தில் வந்து சுவரில் மோதினாள். வலது கையில் இரண்டு விரல் ஒடிந்தது. கட்டுப் போட்டார்கள், ஆறியது, அவள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள். அவளைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்துவிட்டது. விரலில்லாமலா போய்விட்டது என்பாள்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு நாள் அண்ணனால் குளத்துக்கு வர முடியவில்லை. லாரி தாமதமாக வந்து சேர்ந்தது, இறக்காமல் யாரும் நகரக்கூடாது என்று மேஸ்திரி வாசலில் நாற்காலி போட்டுவிட்டான். அண்ணியைப் போகச் சொல்லி ஆள் அனுப்பினான் அண்ணன்.

அண்ணி சோப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஓடுகிற பெல்ட்டில் வரிசையாக வருகிற பெட்டிகளின்மேல் முத்திரை குத்துவது அவள் வேலை. பெட்டி நிற்காது. முந்தினால் மூடியில் விழாது, பிந்தினால் அடுத்த பெட்டி. குளத்துக்கு வந்தவள் செருப்பைக் கழற்றச் சொன்னதற்கே மூக்கைச் சுளித்தாள். தரை வழுக்குகிறது, மருந்து நாற்றம் அடிக்கிறது, இவ்வளவு தண்ணீரில் எத்தனை குடும்பம் துணி துவைக்கலாம் என்று வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டு கம்பை வாங்கினாள். கோச்சம்மா அவளைச் சுவரோரம் நிறுத்தி, குளத்தின் அடியில் தெரிகிற கறுப்புக் கோடு முடிகிற இடத்தைக் காட்டினாள். தலை அதற்கு நேராக வரும்போது தொடவேண்டும், அவ்வளவுதான்.

“அடிச்சா வலிக்குமாடி?” என்று கேட்டாள் அண்ணி.

“பெட்டிமேல குத்துற மாதிரி குத்திடாதே. தொட்டாப் போதும்.”

தவளை குதித்தாள். போனாள், கோச்சம்மாவின் கம்பு முதுகில் பட்டது, உருண்டு திரும்பினாள், வந்தாள். எப்போதும்போல எண்ணிக்கொண்டே வந்தாள். தொடவேண்டிய இடம் வந்தது என்று உடம்பு சொன்னது. கம்பு வரவில்லை. இன்னும் ஒரு கை வீசினாள். வரவில்லை. அண்ணி வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்த அதே நொடி தலையில் பொட்டென்று விழுந்தது. அடுத்த கையை வீசினாள், சுவர் விரல்களை அறைந்தது. அரைக் கை மிச்சம் இருக்கும் என்று நம்பி வந்தவளுக்குத் தோள்வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது.

“ஐயோ, அடிச்சிட்டேனா? லேசாத்தானடி தொட்டேன்.”

“நீ அடிக்கல அண்ணி. சுவர் அடிச்சிச்சு.”

அந்த முனையிலிருந்து கோச்சம்மாவின் ரப்பர் செருப்புச் சத்தம் வந்தது. வழக்கமாக வரும்போதே திட்டிக்கொண்டு வருவாள். இன்றைக்குப் பேச்சில்லை. பக்கத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொள், இன்னொரு தடவை போ என்று மட்டும் சொன்னாள். இன்னொரு தடவை போனாள். அதே இடத்தில் பொட்டென்றது, அதே இடத்தில் சுவர். இந்தமுறை கை தயாராக இருந்தது. கோச்சம்மா ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்ததாக அண்ணி அப்புறம் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஒரு வருஷமாக வராத நேரம் அது. தேர்வுக்குக் கேட்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

“நீங்க எங்க தொட்டீங்க?” என்று கேட்டாள் கோச்சம்மா.

“நீங்க காட்டுன எடத்துலதான். கறுப்புக் கோடு முடியுற எடம்.”

“உங்க வீட்டுக்காரர் எங்க தொடுவாரு?”

அண்ணிக்குத் தெரியாது. தவளைக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரில் கழுத்தளவு நின்றபடி சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். கை சுருங்கவில்லை. வயசு வந்து கடைசி ஐந்து மீட்டரில் உட்காரவில்லை. சுவருக்கு வரவேண்டிய கம்பு ஒரு முழம் முன்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. தொட்டாயிற்று என்று நம்பி அவள் கையை நீட்டிக்கொண்டு மிதக்கிறாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அண்ணன் நினைவுதான் வந்தது.

கோச்சம்மா மெதுவான குரலில், அங்கேயிருந்து பார்த்தால் நீ கையை நீட்டிப் படுத்திருப்பது மட்டும்தான் தெரியும், களைத்துவிட்டாய் என்று நினைத்தேன் என்றாள். பிறகு, தேர்வுக்கு உன் அண்ணன் நிற்கவேண்டாம், நானே பேசுகிறேன் என்றாள். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றாள் தவளை.

வீடு இரண்டு அறை. முன்னறையில் கவிழ்த்துப் போட்ட வாளிதான் அண்ணனுக்கு நாற்காலி. குளித்துவிட்டு வந்தாலும் அவனிடம் சிமெண்ட் வாசம் போகாது. தினமும் வேலை முடிந்து வந்ததும் தவளைதான் அவன் தோளைப் பிடித்துவிடுவாள். நீச்சல்காரிக்குக் கட்டைவிரலில் பலம் அதிகம் என்று அவன் சொல்லுவான். அன்றைக்கும் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். வலது தோளில் இறுகிப்போன முடிச்சு ஒன்று உண்டு, நெல்லிக்காய் அளவு. அதில் கட்டைவிரலை வைத்தாள்.

எப்படிப் போச்சு என்று கேட்டான்.

தவளை நேரத்தை மட்டும் சொன்னாள். அவள் விரலுக்குக் கீழே தோள் கல்லாகிவிட்டது. அவன் எதுவும் கேட்கவில்லை. அண்ணிதானே தொட்டாள், வாட்ச் சரியா, ஒன்றுமே கேட்கவில்லை. அதிலிருந்தே அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அடுப்படியில் அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

“முன்னாடியே தொடறியாண்ணே?”

“ம்.”

“எத்தனை நாளா?”

கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டு அவிழ்த்த நாளிலிருந்துதான்.

“எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்,” என்றாள் தவளை. குரல் ஏறவில்லை, ஆனால் கட்டைவிரல் ஏறி அழுத்தியது. “மணல் மூட்டையக் கட்டிக்கிட்டு நாய் மாதிரி படி ஏறினேன். நீ கீழ உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தே.”

“இருந்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவன் தோளைக் குலுக்கி அவள் கையை விலக்கினான். எழுந்துபோய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. வாளி தரையில் உரசிற்று. அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

“உன் வெரல் ஒடிஞ்ச சத்தம் உனக்குக் கேட்டிருக்காது. நீ தண்ணிக்குள்ள இருந்தே. நான் வெளிய இருந்தேன்.”

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தவளை யோசித்ததே இல்லை.

சரியான இடத்தில்தான் தொடவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டுதான் போய் நிற்கிறானாம். அவள் வருகிற வேகத்தைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிடுகிறதாம். மூட்டை நழுவினால் தாங்கப்போகிற மாதிரி. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தினானாம், ஆகவில்லையாம். இதையெல்லாம் தரையைப் பார்த்துச் சொல்கிறான் என்று குரல் போகிற திசையிலிருந்து தெரிந்தது.

“ஒடிஞ்சா என் வெரல்தானே ஒடியும்?”

“அதான்.”

அதற்குமேல் வாதாட ஒன்றும் இல்லை. தவளை கையிலிருந்த தைலத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இந்தப் போட்டி வேண்டும். அண்ணனும் அந்த முனையில் வேண்டும். குவாரிப் பள்ளத்திலிருந்து அவள் நீந்தியதெல்லாம் அவன் இருக்கிற பக்கத்தை நோக்கித்தான்.

“சரி. இனிமே கை தானாப் போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீயே நில்லு.”

அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவளும் நம்பியிருப்பாள், நம்ப ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

“சொல்ல முடியாது,” என்றான்.

“அப்ப அண்ணி நிக்கட்டும்.”

“என்னை யாராவது கேட்டீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிச்சிட்டீங்க. எனக்கு அன்னைக்கு ஷிஃப்ட்டு.”

“ஷிஃப்ட்ட மாத்திக்கோ,” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சில நாள் அண்ணன் அவளோடு சரியாகப் பேசவில்லை. சண்டை என்றில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், அவ்வளவுதான். தோள் பிடித்துவிட வந்தால், வேண்டாம், இன்றைக்கு வலியில்லை என்றான். அண்ணியிடம் கம்பைக் கொடுக்கும்போதும் கையில் கொடுக்காமல் கதவோரம் சாய்த்துவிட்டுப் போனான். தவளைக்கு வலித்தது. ஆனால் தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. குடோனில் ஒருத்தனுக்குத் தோள் போய்விட்டால் அவனைப் பெரிய மூட்டைக்கு நிறுத்தமாட்டார்கள். அவனும் வந்து நிற்கமாட்டான். அதில் பாசத்துக்கு வேலையில்லை என்று அவன்தானே சொல்லுவான்.

ஒரு காலையில் உலோகத்தை அறுக்கிற கிறீச் கிறீச் சத்தத்தில் எழுந்தாள். வாசலில் அண்ணன் உட்கார்ந்து ரம்பம் போட்டுக்கொண்டிருந்தான்.

என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

“உங்கண்ணிக்கு இது நீளம். அவ ஒசரத்துக்கு முனை தாழ்ந்து போயிடும்.”

அறுத்த முனையை அரத்தால் தேய்த்து, பிடிக்கிற இடத்தில் புது டியூப் சுற்றினான். அண்ணியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னான், கை போதவில்லை என்று மறுபடி சுற்றினான். பிறகு, தலையைப் பார்க்காதே, இடது கை தண்ணீருக்குள் போகும்போது தொடு, அப்போதுதான் வலது கை சுவருக்கு முழுசாக நீளும் என்று சொல்லிக்கொடுத்தான். அண்ணி, எல்லாம் தெரிந்த மனுஷன் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் சிரித்துவிட்டான். கொஞ்சமாகத்தான், மூக்கு வழியாக.

தேர்வு நாளில் பெரிய குளம், கூரை போட்டது. சத்தம் எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று பிடிபடாத இடம். அண்ணன்தான் அவளைக் கைபிடித்துக் குதிக்கிற மேடைவரை கூட்டிவந்தான். இனி அவன் வேலை அவள் துண்டையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு பின்னால் போய் உட்காருவது. போட்டி நடக்கும்போது பார்க்கிறவர்கள் மூச்சுவிடக்கூடாது. கம்பு தொடுவதையும் தண்ணீரையும் தவிர நீந்துகிறவர்கள் காதில் எதுவும் விழக்கூடாது. தவளை கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கொஞ்சநஞ்சம் வெளிச்சம் தெரிகிறவர்களும் எல்லோரோடும் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காக அது. எனக்கு இது அலங்காரம் என்று அவள் எப்போதும் சொல்லுவாள், அண்ணன் எப்போதும் சிரிப்பான். இன்றைக்கு அவள் சொல்லவும் இல்லை, அவன் சிரிக்கவும் இல்லை.

“அண்ணே.”

“சொவரு அங்கதான் இருக்கும்,” என்றான். “எங்கயும் போயிடாது. நம்பிப் போ.”

அவன் கை விலகியது. விசில் அடித்தது. தண்ணீர் சில்லென்று வாங்கிக்கொண்டது.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. லேன் கயிறு ஒருமுறை தோளில் உரசியது, சரிசெய்துகொண்டாள். கோச்சம்மாவின் கம்பு, உருளல், காலால் ஓர் உதை. திரும்பி வரும்போதுதான் பக்கத்து லேனின் இரைச்சல் அவள் காதுக்கு நேராக வந்து நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று. தொடைகள் எரிந்தன. மணல் மூட்டை வீணில்லை என்று நினைத்துக்கொண்டாள். கால் நிற்காமல் அடித்தது.

பழைய இடம் வந்தது. ஒரு வருஷமாகக் கம்பு வந்துகொண்டிருந்த இடம். உடம்பு தானாகத் தளரப் பார்த்தது, தலை தொடுதலுக்காக ஏங்கியது. கம்பு வரவில்லை. இருட்டுக்குள் எங்கேயோ நேர் எதிரில் சுவர் இருக்கிறது, முழு வேகத்தில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். பயம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. அண்ணன் தினமும் அந்த முனையில் பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான் என்று தோன்றியது. இடது கையை வீசினாள். பொட். வலது கையை வேருடன் பிடுங்குவதுபோல நீட்டினாள்.

சுவர்.

தலையைத் தூக்கியபோது அரங்கம் மொத்தமும் ஒரேயடியாக இரைந்தது. தலைக்குமேல் அண்ணி, நான் சரியாத்தானே தொட்டேன், யாராவது சொல்லுங்களேன் என்று யாரையோ பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முனையிலிருந்து கோச்சம்மா ஓடிவருகிற செருப்புச் சத்தம். வழுக்கி விழப்போகிறாள் என்று தவளை நினைத்தாள். ஓர் அதிகாரி குனிந்து அவள் கண்ணாடியை வாங்கி ஒளி புகுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏணியைப் பிடித்து மேலே ஏறினாள். துண்டு ஒன்று தோளில் விழுந்தது. சிமெண்ட் வாசம்.

கோச்சம்மா வந்து சேர்ந்து, மூச்சுக்கு நடுவில் நேரத்தைக் கத்தினாள். கேட்ட நேரத்துக்கு உள்ளேதான். நன்றாகவே உள்ளே. போகிறாய், போகிறாய் என்று தவளையின் முதுகில் அடித்தாள். அண்ணி அழுதபடியே, கம்பை எங்கே வைப்பது என்று கேட்டாள்.

அண்ணன் அவள் வலது கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்திருந்தான். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

“இது வலிக்குதா?”

“இல்ல.”

“இது?”

“நகம் எரியுது. வேற ஒண்ணுமில்ல.”

மோதிர விரல், நடு விரல். ஒடிந்து சேர்ந்த இரண்டு விரல்களையும் அதிக நேரம் பிடித்திருந்தான். அவன் கட்டைவிரல் சொரசொரவென்று அந்தப் பழைய எலும்பு முண்டின்மேல் போய்வந்தது.

“நான் போறேண்ணே,” என்றாள் தவளை. “கோச்சம்மா சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு,” என்றான் அண்ணன். “இரு. இன்னொரு கையக் காட்டு.”